வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க! ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் ஏன் மற்ற ஆசிட் மாதிரி இல்லை?

'பிரேக்கிங் பேட்' சீரிஸ் பார்த்தவர்களுக்கு ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். முதல் சீசனில் பாத்டப்பில் ஊற்றப்படும் அந்த ஆசிட், டப்பையும் அரித்து, தளத்தையும் அரித்து, மாடியிலிருந்து மொத்தமாகக் கீழே வந்து விழும். டிவிக்கு நல்ல காட்சிதான். ஆனால், நிஜ லேபில் இந்த ஆசிட் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யாது. பார்க்க தண்ணீர் மாதிரியே இருக்கும். நீர்த்த கரைசல் ஒரு சொட்டு கையில் பட்டால், பல மணி நேரத்துக்கு எந்த எரிச்சலும் தெரியாமல் போகலாம். அதுதான் சிக்கலே.

கெமிஸ்ட்ரி, ஜியாலஜி, மெட்டீரியல்ஸ், நானோ எலெக்ட்ரானிக்ஸ் என்று எந்தத் துறையில் எம்.எஸ்சி. அல்லது பி.எச்டி. செய்தாலும், என்றாவது ஒருநாள் இந்த பாட்டில் உங்கள் எதிரே வந்து நிற்கலாம். அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன? பார்த்துவிடலாம்.

இதை எதுக்குப் பயன்படுத்துறாங்க?

இந்த ஆசிட்டுக்கு ஒரு தனித் திறமை உண்டு. மற்ற ஆசிட்களுக்கு அசைந்து கொடுக்காத கண்ணாடி, மணல், பாறை போன்ற சிலிக்கா பொருட்களை இது கரைத்துவிடும். ஸ்வீடனில் வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர் 1771-ல் ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தோடு சல்ஃபியூரிக் ஆசிட் சேர்த்து இதைத் தயாரித்தபோதே, கண்ணாடிப் பாத்திரம் அரிக்கப்படுவதைக் கவனித்தார்.

இன்றைக்கு இதன் முக்கியமான வேலை சிப் தயாரிப்பில். சிலிக்கான் வேஃபரின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலத்தை நீக்க இந்த ஆசிட்தான் வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐஐடி பாம்பே போன்ற இடங்களின் நானோ ஃபேப் லேப்களில் இது அன்றாட கெமிக்கல். குஜராத்தின் தோலேராவில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஃபேப் வருகிறது, அடுத்தடுத்து சிப் வேலைகள் வருகின்றன என்று நாம் படிக்கும் செய்திகளுக்குப் பின்னால், இந்த ஆசிட்டோடு வேலை செய்யப்போகும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

பாறை மாதிரிகளைக் கரைத்து ஆய்வு செய்யும் ஜியாலஜி லேப், செராமிக் பல் செட் செய்யும் டென்டல் லேப், ஸ்டீல் பாகங்களைச் சுத்தம் செய்யும் தொழிற்கூடம் ஆகியவற்றிலும் இது உண்டு.

'வீக் ஆசிட்'னு புத்தகத்துல போட்டிருக்கே?

ஆமாம், பிளஸ் 2 கெமிஸ்ட்ரி பாடத்தில் இது 'வலிமை குறைந்த அமிலம்' பட்டியலில்தான் வரும். இந்த 'வலிமை' என்ற வார்த்தைக்கு அங்கே ஒரே ஓர் அர்த்தம்தான்: தண்ணீரில் எவ்வளவு எளிதாக அயனிகளாகப் பிரிகிறது என்பது. மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சொல்லப்போனால், அந்த 'வீக்' தன்மையே இங்கே எதிரி. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தண்ணீரில் முழுசாக அயனிகளாகப் பிரிந்துவிடும். மின்னேற்றம் உள்ள அயனிகளுக்குத் தோலின் கொழுப்புப் படலத்தைத் தாண்டுவது கஷ்டம். அதனால் அது மேலேயே தோலைப் பொசுக்கும், உடனே வலிக்கும், நாமும் உடனே கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவோம்.

ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்டில் பெரும்பகுதி பிரியாமல் முழு மூலக்கூறாகவே இருக்கும். மின்னேற்றம் இல்லாததால் அது தோலுக்குள் சுலபமாக நுழைந்து, தசை வரை, சில நேரம் எலும்பு வரை போய்விடும். உள்ளே போன பிறகுதான் பிரிந்து, ஃப்ளோரைடு அயனியை வெளியே விடும்.

அந்த ஃப்ளோரைடுக்கு கால்சியம் என்றால் அவ்வளவு இஷ்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் உள்ள ஊர்களில் பற்களில் பழுப்புக் கறையும் எலும்புப் பாதிப்பும் வருவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பல வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும் அதே அயனி, இங்கே சில நிமிடங்களில் மொத்தமாக உள்ளே இறங்குகிறது. திசுக்களிலும் ரத்தத்திலும் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது.

நம் இதயம் ஒவ்வொரு முறை துடிக்கவும் கால்சியம் தேவை. ரத்தத்தில் அது சட்டென்று குறைந்து, பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். அடர் ஆசிட் உடல் பரப்பில் 2.5% அளவுக்குப் பட்டாலே உயிருக்கு ஆபத்து என்று பாதுகாப்பு வழிகாட்டிகள் எச்சரிக்கின்றன. விரல்களோடு சேர்த்து உங்கள் ஒரு கையின் உட்புறம் உடல் பரப்பில் சுமார் 1%. அப்படியானால் 2.5% எவ்வளவு சின்ன இடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டா எப்போ வலிக்கும்?

அது ஆசிட்டின் அடர்த்தியைப் பொறுத்தது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது:

• 50%-க்கு மேல்: உடனே வலி, உடனே தோல் பாதிப்பு.
• 20% முதல் 50% வரை: 1 மணி முதல் 8 மணி நேரம் கழித்து.
• 20%-க்குக் கீழ்: 24 மணி நேரம் வரைகூட எதுவும் தெரியாமல் இருக்கலாம்.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். காலையில் லேபில் பட்டது, ராத்திரி ஹாஸ்டலில் தூங்கும்போது வலிக்க ஆரம்பிக்கும். அதற்குள் ஃப்ளோரைடு உள்ளே தன் வேலையைத் தொடங்கியிருக்கும். 'டைல்யூட்தானே, ஒண்ணும் ஆகாது' என்ற சமாதானம் இந்த ஆசிட்டிடம் செல்லாது.

எனவே விதி ஒன்றே ஒன்றுதான்: பட்டதா என்று சந்தேகம் வந்தாலே, பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.

பெர்த்தில் என்ன நடந்தது?

பாதுகாப்பு வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு விபத்து, 1994-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் நடந்தது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து எடுத்த பாறை மாதிரியை ஆசிட்டில் கரைக்கும் வேலை. டெக்னீஷியன் தனியாக, ஃப்யூம் ஹூட் முன் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். 100 முதல் 230 மில்லி வரை ஆசிட் அவர் மடியில் கொட்டி, இரண்டு தொடைகளிலும் பட்டது. ஒரு டீ கிளாஸ், இரண்டு டீ கிளாஸ் அளவுதான்.

அவர் கையில் மணிக்கட்டு வரை வரும் ரப்பர் கிளவுஸும், முன்கையில் பிவிசி உறையும் இருந்தன. உடம்பை மறைக்கும் ஏப்ரன் இல்லை. கழுவக் கிடைத்தது, நிமிடத்துக்கு சுமார் 6 லிட்டர் வரும் ஒரு தற்காலிகக் குழாய் ஏற்பாடு. அமெரிக்கத் தரநிலைப்படி லேபில் இருக்க வேண்டிய எமர்ஜென்சி ஷவர், நிமிடத்துக்கு சுமார் 76 லிட்டர் கொட்ட வேண்டும். கழுவும்போது ஆசிட் நனைந்த உடையை அவர் கழற்றவில்லை. கால்சியம் குளுகோனேட் ஜெல்லும் தடவப்படவில்லை.

வலி தாங்காமல் பின்பக்கம் இருந்த நீச்சல் குளத்தில் இறங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை 35-40 நிமிடம் தண்ணீரிலேயே இருந்தார். மருத்துவமனையில் கால்சியமும் மெக்னீசியமும் ஏற்றினார்கள். 7-ம் நாள் வலது கால் எடுக்கப்பட்டது. 15-ம் நாள் உறுப்புகள் செயலிழந்து உயிரிழந்தார். ஆசிட் பட்ட இடம் உடல் பரப்பில் வெறும் 9%.

இதில் எந்த ஒரு குறையும் பெரிய டெக்னாலஜி சமாச்சாரம் இல்லை. ஓர் ஏப்ரன், ஒரு ஷவர், ஒரு ட்யூப் ஜெல், பக்கத்தில் இன்னொரு ஆள். நான்குமே பாட்டிலைத் திறக்கும் முன்பே இருந்திருக்க வேண்டியவை.

பாட்டிலைத் திறக்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

முதல் கேள்வி: இந்த ஆசிட் நிஜமாகவே தேவையா? வேறு முறை இருந்தால் அதற்குப் போங்கள். வேறு வழியே இல்லையென்றால், தேவைப்படும் குறைந்த அடர்த்தியில், குறைந்த அளவில் வாங்குங்கள். 49% பாட்டிலை வாங்கி நீங்களே நீர்க்கச் செய்வதைவிட, நீர்த்த கரைசலாகவே வாங்குவது நல்லது. ஃபேப் லேப்களில் 'பி.ஓ.இ.' என்று சொல்லும் பஃபர் கரைசலை சாதுவானது என்று நினைத்துவிடாதீர்கள். அதிலும் ஃப்ளோரைடு நிறையவே இருக்கிறது. அதற்கும் இதே விதிகள்தான்.

அடுத்து, இந்தப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஜெல்: 2.5% கால்சியம் குளுகோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? காலாவதி தேதி தாண்டவில்லையே? பூட்டிய அலமாரிக்குள் இருந்தால், அது இல்லாததற்குச் சமம்.

ஆள்: தனியாக ஒருபோதும் வேண்டாம். ராத்திரி, ஞாயிறு, லீவு நாள் வேண்டவே வேண்டாம். கூட இருப்பவருக்கு நீங்கள் எந்த ஆசிட்டோடு வேலை செய்கிறீர்கள், ஜெல் எங்கே, என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இடம்: நன்றாக வேலை செய்யும் ஃப்யூம் ஹூடுக்குள் மட்டும். தண்ணீர் கலக்காத ஹைட்ரஜன் ஃப்ளோரைடின் கொதிநிலை 19.5 டிகிரி செல்சியஸ். அதாவது, சென்னை வெயிலில் அது வாயு. 49% கரைசலும் ஆவி விடும். அந்த ஆவி நுரையீரலைத் தாக்கும், பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

கை: டப்பாவில் நூறு நூறாக வரும் மெல்லிய நைட்ரைல் கிளவுஸ் மட்டும் போதாது. உள்ளே நைட்ரைல், மேலே முழங்கை நோக்கி நீளும் தடிமனான நியோப்ரீன் அல்லது பியூட்டைல் கிளவுஸ். போடும் முன் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஆசிட் பட்டால், 'வேலை முடியட்டும்' என்று தள்ளிப்போடாமல் உடனே கழற்றி, கையைக் கழுவி, புதிதாக மாட்டுங்கள்.

முகமும் உடம்பும்: கண்ணை முழுசாக மூடும் காகிள்ஸ், அதன் மேல் ஃபேஸ் ஷீல்டு. காட்டன் லேப் கோட்டுக்கு மேல் ஆசிட் தாங்கும் பிவிசி அல்லது நியோப்ரீன் ஏப்ரன். முழு நீள பேன்ட், மூடிய ஷூ. செருப்பு, ஷார்ட்ஸ், துப்பட்டா கூடாது.

பாத்திரம்: கண்ணாடி வேண்டவே வேண்டாம். பீக்கர், பைப்பெட், கழிவு பாட்டில் எல்லாமே பாலிஎத்திலீன் அல்லது டெஃப்ளான். 'பிரேக்கிங் பேட்' இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லியிருக்கும்: பிளாஸ்டிக் தாங்கும், மற்றது தாங்காது.

பட்டுடுச்சு. இப்போ என்ன செய்யணும்?

1. கத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் வரட்டும். வெட்கம், 'சின்ன விஷயம்தானே' என்ற தயக்கம் எதுவும் வேண்டாம்.

2. ஷவருக்குக் கீழே போய் நில்லுங்கள். தண்ணீர் கொட்டும்போதே ஆசிட் பட்ட உடை, ஷூ, வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். காகிள்ஸ் மட்டும் கடைசியில்.

3. ஜெல் இருந்தால், 5 நிமிடம் நன்றாகக் கழுவிய பிறகு ஜெல்லுக்கு மாறுங்கள். இது பலருக்குக் குழப்பமாக இருக்கும். மற்ற ஆசிட்டுக்கு 15 நிமிடம் என்றுதானே சொல்கிறார்கள்? தண்ணீர் மேலே இருப்பதை மட்டும்தான் கழுவும். உள்ளே இறங்கிய ஃப்ளோரைடைப் பிடிக்க கால்சியம்தான் வேண்டும். அதைத் தாமதிக்கக் கூடாது. ஜெல் இல்லையென்றால், மருத்துவ உதவி கிடைக்கும்வரை கழுவிக்கொண்டே இருங்கள்.

4. ஜெல்லைத் தாராளமாகத் தடவி, விடாமல் தேய்த்துக்கொண்டே இருங்கள். சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகத் தடவுங்கள். உதவிக்கு வருபவர் கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். விரலில் பட்டிருந்தால், கிளவுஸுக்குள் ஜெல்லை நிரப்பிக் கையை அதற்குள் விட்டுக்கொள்ளலாம்.

5. கண்ணில் பட்டால் ஜெல் கூடாது. ஐ-வாஷில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, நேராக மருத்துவமனைக்கு. ஆவியைச் சுவாசித்துவிட்டால், காற்றோட்டமான இடத்துக்கு வந்து, மூச்சு சாதாரணமாக இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

6. ஜெல் தடவியதும் வலி போய்விட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரியில என்ன சொல்லணும்?

தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கும்போது 'ஆசிட் பட்டுடுச்சு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்' என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். எத்தனை சதவீதம், எத்தனை மணிக்கு, எங்கே பட்டது, ஜெல் தடவியாயிற்றா என்று ஒரு தாளில் எழுதி, கெமிக்கலோடு வந்த பாதுகாப்புத் தகவல் தாளையும் ஜெல் ட்யூபையும் கையோடு கொண்டு போங்கள். அடிக்கடி வராத கேஸ் என்பதால், சாதாரண ஆசிட் காயம் என்று களிம்பு போட்டு அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு.

டாக்டர்கள் இசிஜி பார்ப்பார்கள், ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் அளவைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கால்சியம் குளுகோனேட்டை ஊசியாகவோ நரம்பு வழியாகவோ கொடுப்பார்கள். ஒரு முக்கியமான விஷயம்: இந்தச் சிகிச்சையில் வலிதான் மீட்டர். வலி குறைந்தால் கால்சியம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதனால் பட்ட இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்தை நீங்களாகவே போட்டுக்கொள்ளக் கூடாது. பட்டதைக் கண்டுபிடிக்க வலியை நம்பக் கூடாது, ஆனால் குணமாவதைக் கணிக்க அது உதவும்.

தரையில கொட்டினா?

அளவு அதிகமென்றால் எல்லோரும் வெளியேறி, கதவை மூடி, பாதுகாப்பு அதிகாரியை அழையுங்கள். கொஞ்சமாக, ஹூடுக்குள்ளேயே கொட்டியிருந்தால், பயிற்சி பெற்றவர் முழுப் பாதுகாப்போடு கால்சியம் கார்பனேட் அல்லது சுண்ணாம்பை ஓரத்திலிருந்து மெதுவாகத் தூவலாம். மணலைக் கொட்டவே கூடாது. மணலும் சிலிக்காதான். அதோடு சேர்ந்து சிலிக்கான் டெட்ராஃப்ளோரைடு என்ற நச்சு வாயு வரும்.

கழிவு தனி பிளாஸ்டிக் கேனில், தெளிவான லேபிளோடு இருக்க வேண்டும். சிங்க்கில் ஊற்றக் கூடாது. லேபிளின் அருமை தெரிய ஒரு சம்பவம் போதும். 1982-ல் ஜப்பானின் ஹச்சியோஜி நகரில், பல் சொத்தை வராமல் தடுக்கப் பூசும் சோடியம் ஃப்ளோரைடுக்குப் பதிலாக, பெயர்க் குழப்பத்தில் இந்த ஆசிட் கிளினிக்குக்கு வந்துவிட்டது. தெரியாமல் தடவியதில் 3 வயதுச் சிறுமி உயிரிழந்தாள்.

ஆளுயர டேங்கரிலும் இதே கதைதான். தென் கொரியாவின் குமி நகரில் 2012 செப்டம்பர் 27 அன்று ஒரு தொழிற்சாலையில் டேங்கிலிருந்து இறக்கும்போது சுமார் 8 டன் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கசிந்தது. 5 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு வந்தார்கள். அந்தப் பகுதியைச் சிறப்புப் பேரிடர் மண்டலமாக அரசு அறிவிக்க வேண்டிவந்தது.

நான் லேப்ல இல்லையே, எனக்கெதுக்கு?

சில துரு நீக்கிகள், கார் அலாய் வீல் கிளீனர்கள், ஏசி காயில் கிளீனர்களில் இந்த ஆசிட்டோ, அதே வேலையைச் செய்யும் அமோனியம் பைஃப்ளோரைடோ இருக்கும். வாங்கும்போது பின்பக்க லேபிளைப் படியுங்கள். 'ஃப்ளோரைடு' என்ற வார்த்தை இருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். லித்தியம் அயான் பேட்டரி எரியும்போது வரும் புகையிலும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டு. எரியும் இ-ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று வீடியோ எடுக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஜூனியர் கேள்வி கேட்கலாமா?

கடைசியாக, எந்த மேனுவலிலும் இல்லாத ஒரு விஷயம். நம்ம ஊர் லேப்களில் முதல் வருட ஸ்காலர் ஒருவர் சீனியரிடம் 'அக்கா, ஜெல் எங்கே?' என்று கேட்பதே சில நேரம் பெரிய விஷயம். 'நாங்கல்லாம் இத்தனை வருஷமா இப்படித்தான் பண்றோம்' என்று பதில் வரும். பேப்பருக்கு டெட்லைன் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு சாம்பிள்தான் பாக்கி இருக்கும்.

அந்த நேரத்தில் வாதம் செய்ய வேண்டியதில்லை. மூன்றே கேள்விகள் போதும். 'சார், 2.5% ஜெல் எங்க இருக்கு? ஷவர் கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணாங்க? நான் வேலை முடிக்கிற வரைக்கும் கூட யார் இருப்பாங்க?' ஈமெயிலில் கேட்டால் இன்னும் நல்லது, பதிவாக இருக்கும். ஜெல் இல்லை என்று பதில் வந்தால், அதை வாங்கிக் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. ஆய்வுக் கருவிகளின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை பாட்டிலின் மூடி மூடியே இருக்கட்டும். சாம்பிள் திங்கட்கிழமை வரை காத்திருக்கும்.